மாஷ் டன் கரைச்சல் கொடுத்தால்: முதலில் வெறுந்தண்ணீர்

மாஷ் டன் என்பது மோல்ட்டை, அதாவது முளைக்கவைத்து உலர்த்திய தானியத்தை, சுடுதண்ணீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு வடிக்கிற பெட்டி. அதன் வால்வைத் திறக்கிறீர்கள். சாறு விரல் பருமனில் வருகிறது, நூலாக மெலிகிறது, நின்றுவிடுகிறது. அந்த நேரம் எல்லோருக்கும் கை தன்பாட்டில் வால்வுக்குத்தான் போகும், இன்னும் கொஞ்சம் திறந்து பார்ப்போம் என்று. திறக்க வேண்டாம். பூட்டுங்கள். கீழே இழுக்கிற இழுவையில்தான் தானியப் படுகை இறுகிக்கொண்டு போகிறது. கூடத் திறந்தால் கூட இறுகும். பூட்டிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அடைப்பை எடுக்கிற வழியைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முதல் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். அடைப்பு என்று என்னிடம் வருகிற கேஸ்களில் பாதிக்கு மேல் தானியத்தின் குற்றமே இல்லை.

நான் பிரிஜ், ஏசி திருத்துகிற ஆள். திருமலையில், அதாவது திருகோணமலையில், மத்திய வீதிப் பக்கம் சின்னக் கடை. அக்காவின் மகன் ரொறொன்ரோவில் இருக்கிறான். வீட்டுக் கராஜில் தானியத்திலிருந்தே பியர் காய்ச்சுகிறவன். கூலர் பெட்டியில் ஓட்டை போட்டு மாஷ் டன் செய்துவிட்டு, பிறகு வொய்ஸ் மெசேஜ் போடுவான்: "மாமா, ஒழுகுது." "மாமா, ஒரு சொட்டும் வருகுதில்லை." பைப், வால்வு, வாஷர், வெப்பம் காக்கிற சுவர் எல்லாம் என் தொழில்தானே. சொல்லிச் சொல்லியே நானும் இங்கே ஒன்று செய்தேன்.

நான் செய்வது மோல்ட் பாகு. வடித்த இனிப்புச் சாற்றைக் கொதிக்க வைத்து வற்றவிட்டால் பாணுக்கும் பாலுக்கும் அருமையான பாகு கிடைக்கும். ஈஸ்ட் போடுகிற வேலை என்னிடம் இல்லை. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மதுபானம் செய்வது குற்றம். கனடாவில் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம். இங்கிலாந்தில் 1963இலிருந்து அதற்கு அனுமதிப்பத்திரமே தேவையில்லை. அங்கே இருக்கிறவர்கள் சாற்றை வடித்த பிறகு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியும். சாறு வால்வைத் தாண்டும் வரைக்கும் பாகுக்கும் பியருக்கும் பெட்டி ஒன்றுதான், கரைச்சலும் ஒன்றுதான்.

மாஷ் டன் பெரிய வித்தை இல்லை. சூடு தாங்குகிற மூடியுள்ள பெட்டி, அடியில் ஒரு வடி, பக்கத்தில் ஒரு வால்வு. உடைத்த மோல்ட்டை 65 – 68 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டால் தானியத்துக்குள்ளேயே இருக்கிற நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக்கிவிடும். பிறகு வடிக்க வேண்டும். தானியத்தின் தோலே அங்கே வடிகட்டி. அடியில் நாங்கள் வைக்கிற கம்பி வலையோ தகடோ அந்தத் தோல் படுகையைத் தாங்கிப் பிடிக்கிற வேலையை மட்டும் செய்கிறது. இது விளங்கினால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும்.

என் வழி ஒன்றே ஒன்று. மோல்ட் போடுவதற்கு முதல் பெட்டி வெறும் சுடுதண்ணீரில் பாஸாக வேண்டும். ஒழுக்கு, அடியில் தங்குகிற தண்ணீர், சூட்டிழப்பு, வெப்பமானியின் பொய் – நாலும் வெறுந்தண்ணீரிலேயே பிடிபடும். அதில் பாஸான பெட்டி பிறகு கரைச்சல் தந்தால் குற்றம் தானியத்தில் அல்லது கையில். இரண்டையும் கலந்துவைத்துக்கொண்டு தேடினால் விடியும்வரை தேடலாம்.

எந்தப் பெட்டி

இங்கே ஐஸ் பெட்டிக்குப் பஞ்சமில்லை. கடற்கரையோரம் போனால் சின்னதும் பெரிதுமாக அடுக்கி வைத்திருப்பார்கள். மீன் வைத்த பெட்டியை வாங்க வேண்டாம். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஏறிய மீன் வாடை குளிரில் அடங்கிக் கிடக்கும். 70 பாகைத் தண்ணீர் பட்டதும் எழும்பி வரும். வெள்ளை ரெஜிபோம் பெட்டியும் சரிவராது. சூட்டில் இளகும், கரண்டி பட்டால் பொருபொருவென்று உதிரும், அதோடு சுடுசாப்பாட்டுக்கென்று செய்த சாமானும் இல்லை. இரண்டு சுவரும் நடுவே நுரையும் உள்ள புது கூலர் பெட்டி, 40 லீற்றர் அளவில், போதும். ஐந்து கிலோ மோல்ட்டும் பதினைந்து லீற்றர் தண்ணீரும் போட்டால் மேலே கிண்ட இடம் இருக்கும்.

ஒழுக்கு

பச்சைத்தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு "ஒழுகவில்லை" என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. பிளாஸ்டிக் சுவர் சூட்டில் விரியும், கொஞ்சம் இளகும். குளிரில் இறுக்கமாக இருந்த நட் சூட்டில் தளரும். 75 பாகைத் தண்ணீரை வழக்கமான மட்டம்வரை ஊற்றி, பெட்டிக்குக் கீழே பழைய பத்திரிகைத்தாள் விரித்து, ஒரு மணித்தியாலம் விடுங்கள். தாளில் எங்கே ஈரப்பொட்டு விழுகிறது என்று பாருங்கள். வால்வுக்கு நேரே கீழே விழுந்தால் வால்வு மரையில் குறை: கழற்றி, மரையில் சுற்றியிருக்கிற பழைய வெள்ளை ரேப்பை (நாடாவை) சுரண்டி எடுத்துவிட்டு, பூட்டுகிற திசையிலேயே புதிதாகச் சுற்றிப் பூட்டுங்கள். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் பூட்டும்போதே ரேப் சுருண்டு வெளியே தள்ளுப்பட்டுவிடும்.

பொட்டு வால்வுக்குக் கீழே இல்லாமல் பெட்டியின் ஒரு மூலையில் விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும். தண்ணீர் உள்சுவர் ஓட்டையால் நுழைந்து இரண்டு சுவருக்கும் நடுவே இறங்கி, நுரையை நனைத்து, அடிமூலையால் கசிகிறது என்று அர்த்தம். அடுத்த நாளும் கசிந்துகொண்டிருக்கும். வெறும் பெட்டியைத் தூக்கினாலே பாரம் தெரியும். இனிப்புச் சாறு அதற்குள் போனால் இரண்டு நாளில் புளித்து நாறும். பிறகு அந்தப் பெட்டி குப்பைக்குத்தான்.

இதற்குக் காரணம் அநேகமாக வெளிப்பக்கத்தில் மட்டும் வாஷர் போட்டு இறுக்குவது. நீர் தடுக்கப்பட வேண்டிய இடம் உள்சுவர். உள்ளிருந்து வெளியே ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: உள் நட், அகலமான ஸ்ரெயின்லெஸ் வாஷர், அதன் பின் மொத்தமான சிலிக்கன் வாஷர், சுவர், வெளியே இன்னொரு வாஷர், வால்வு. இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. கூலர் சுவர் உள்ளே மெத்தென்று இருக்கும். இறுக்க இறுக்க இரண்டு பக்கத் தோலும் உள்வாங்கி வளையும்; வளைந்த பரப்பில் வாஷர் தட்டையாக இருக்காது. சுவரின் மொத்தத்துக்குச் சரியாக ஒரு குழாய்த் துண்டு வெட்டி, நிப்பிளை, அதாவது சுவருக்கூடாகப் போகிற மரைக்குழாயை, சுற்றிச் சுவருக்குள்ளே செருகுங்கள். இறுக்கும்போது பாரம் அந்தத் துண்டில் நிற்கும், சுவர் வளையாது. மருமகனின் பெட்டியில் ஒழுக்கு நின்றது இந்த இரண்டு அங்குலத் துண்டால்தான். அதுவரை அவன் நட்டை இறுக்கி இறுக்கி வாஷரைப் பிதுக்கிக்கொண்டிருந்தான்.

வாஷர் என்றால் குழாய்க்கடைக் கறுப்பு றபர் வேண்டாம். சூட்டில் கடினமாகி வெடிக்கும், சாற்றில் ரயர் வாடையும் இறங்கும். கேக் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கிற சிலிக்கன் விரிப்பு ஒன்றை வாங்கினால், அதில் வேண்டிய அளவு வட்டம் வட்டமாக வெட்டிக்கொள்ளலாம்.

வால்வும் இணைப்பும் பித்தளையா? புதுப் பித்தளையின் மேற்பரப்பில் மிகச் சிறிதளவு ஈயம் இருக்கும். இரண்டு பங்கு வெள்ளை வினாகிரிக்கு ஒரு பங்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் – பார்மசியில் காயம் கழுவ விற்பது – கலந்து ஐந்து, பத்து நிமிடம் ஊறவையுங்கள். பித்தளை வெண்ணெய் மஞ்சளாக மாறியதும் எடுத்துக் கழுவிவிடுங்கள். கரைசல் பச்சையாகிவிட்டால் கூடநேரம் விட்டுவிட்டீர்கள். அதை ஊற்றிவிட்டுப் புதுக்கரைசலில் திரும்ப ஒருமுறை.

அடியில் தங்குகிற தண்ணீர்

பத்து லீற்றர் அளந்து ஊற்றுங்கள். வால்வைத் திறந்து எல்லாவற்றையும் வடித்து, வந்ததை அளவுங்கள். அரை லீற்றர் குறைந்தால் பரவாயில்லை. இரண்டு லீற்றர் குறைந்தால், ஒவ்வொருமுறையும் அவ்வளவு சீனிச்சாற்றைச் சக்கையோடு கொட்டுகிறீர்கள்.

வால்வு ஓட்டை பெட்டியின் அடியிலிருந்து சற்று மேலேதான் இருக்கும். அதனால் உள்ளே ஒரு முழங்கை (வளைந்த குழாய் இணைப்பு) வைத்து, குழாயை அடிவரை இறக்கி, உறிஞ்சி எடுக்க விட வேண்டும். அந்த உறிஞ்சல் அறுபட்டால் அடித்தண்ணீர் அங்கேயே நிற்கும். எங்கே காற்று புகுகிறது என்பதை வெளிக்குழாயே காட்டித்தரும்; அதற்காகத்தான் வெளியே கண்ணாடி மாதிரித் தெரிகிற சிலிக்கன் ஹோஸ் போடச் சொல்வது. தொடக்கத்திலிருந்தே குமிழி ஓடுகிறதா? உள்ளே இருப்பதெல்லாம் அந்நேரம் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது, அங்கே காற்றுப் புக வழியில்லை. ஆகவே குறை வெளியே, வால்வு மரையில் அல்லது ஹோஸ் மாட்டிய இடத்தில். கடைசியில், மட்டம் இறங்கிய பிறகுதான் குமிழி வந்து அறுகிறதா? உள் முழங்கை இணைப்புத் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை இழுக்கிறது. உள்ளே ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கினால் முடிந்தது. வெளி ஹோஸின் நுனி பெட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பெட்டியைத் தரையில் வைத்துக்கொண்டு உறிஞ்சவில்லை என்றால் உறிஞ்சாதுதான். மேசையில் தூக்கி வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பலகைத்துண்டு கொடுங்கள்.

சூடு

முதலில் வெப்பமானி. நொறுக்கிய ஐஸும் கொஞ்சத் தண்ணீரும் போட்ட கோப்பையில் 0 காட்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் 100. திருமலை கடல் மட்டம் என்பதால் இந்தக் கணக்கு இங்கே சரி. நுவரெலியாவில் இருந்து செய்தால் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், அதைப் பார்த்து வெப்பமானியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மூன்று பாகை பொய் சொல்கிற வெப்பமானி மாஷையே, அதாவது தண்ணீரில் ஊறுகிற மோல்ட்டையே, மாற்றிவிடும். 62 – 65இல் வேலை செய்கிற நொதியம் ஒன்று, 68 – 72இல் ஓடுகிற நொதியம் இன்னொன்று. முதலாவது ஈஸ்ட் எளிதில் சாப்பிடுகிற சீனியைக் கூடத் தரும், இரண்டாவது கனமான, பாகுக்கு நல்ல சாற்றைத் தரும்.

பிறகு பெட்டி. 72 பாகைத் தண்ணீர் ஊற்றி மூடி, முதல் பத்து நிமிடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அந்நேரம் இறங்குகிற சூடு பெட்டியின் சுவர் குடிப்பது. பத்தாவது நிமிடத்து அளவை எழுதிவைத்து, ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஒன்று, இரண்டு பாகை இறங்கினால் நல்ல பெட்டி. மூன்றுக்கு மேல் போனால் மூடியைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று வெறுஞ்சத்தம் கேட்கும். சுவரில் நுரை போட்ட கொம்பனி மூடியை வெறுமையாக விட்டிருக்கும். குளிர் கீழே நிற்கும் என்பதால் ஐஸுக்கு அது போதும், மேலே எழும்புகிற சூட்டுக்குப் போதாது. மூடியில் சின்ன ஓட்டைகள் போட்டு ஸ்ப்ரே நுரை அடிக்கலாம். இல்லாவிட்டால் ரெஜிபோம் தகடு ஒன்றை மூடியின் வெளிப்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்; ரெஜிபோமுக்கு ஏற்ற இடம் அதுதான். கச்சான் அடிக்கிற மாதங்களில் முற்றத்தில் வைத்துச் செய்வதானால் காற்றுப்படாத சுவரோரம் தேடுங்கள். காற்று சுட்டாலும் 67 பாகைப் பெட்டியிலிருந்து அது சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகும்.

கன்னியா வெந்நீரூற்றில் அள்ளி வந்தால் காஸ் மிச்சம் அல்லவா என்று கடைக்கு வருகிற பெடியள் பகிடி விடுவதுண்டு. குளிக்கச் சுகமான சூடு அது, மாஷுக்கு எட்டாது.

மோல்ட் போடும்போது தண்ணீர் எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேண்டிய மாஷ் சூட்டிலிருந்து மோல்ட்டின் சூட்டைக் கழியுங்கள். வருவதை 0.41ஆல் பெருக்கி, ஒரு கிலோவுக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் என்ற எண்ணால் பிரியுங்கள். அதை வேண்டிய சூட்டோடு கூட்டுங்கள். திருமலையில் மோல்ட் சாக்கு 30 பாகையில் இருக்கும்; கிலோவுக்கு 3 லீற்றர் போட்டு 67 வேண்டுமென்றால் தண்ணீர் 72. மருமகன் தை மாதத்தில் என்னுடைய 72ஐ அப்படியே எடுத்துச் செய்துவிட்டு, மாஷ் 64இல் நிற்கிறது, பெட்டி சூட்டைக் குடிக்கிறது என்று முறைப்பாடு வைத்தான். பெட்டி ஒன்றும் குடிக்கவில்லை. அவனுடைய கராஜில் மோல்ட் 5 பாகையில் கிடந்தது. அதற்குத் தண்ணீர் 75.5 வேண்டும். கணக்கில் பெட்டி இல்லை என்பதால், முதலிலேயே கொதிதண்ணீர் கொஞ்சம் ஊற்றிப் பெட்டியைச் சுடவைத்து, அதைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

வடி

மலிவானது சிங்க்குக்கும் கொமட்டுக்கும் போடுகிற பின்னல் ஹோஸ். இரண்டு நுனியையும் வெட்டி உள்ளே இருக்கிற றபரை உருவிவிட்டால் கம்பிப் பின்னல் மிஞ்சும். புதுசாக வாங்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மினுக்கம் எல்லாம் ஸ்ரெயின்லெஸ் இல்லை. சிலது வெள்ளி நிற நைலோன். ஒரு நூலை இழுத்து லைட்டர் நெருப்பில் பிடித்தால் தெரிந்துவிடும். இந்தப் பின்னலுக்கு வருகிற நோய் ஒன்றே: தானியப் பாரத்தில் நசுங்கித் தட்டையாகும். வெறுந்தண்ணீரில் நன்றாக ஓடிவிட்டு மோல்ட் போட்டதும் நின்றால் முதல் சந்தேகம் இதில்தான். ஸ்ரெயின்லெஸ் கம்பியை ஸ்பிரிங் மாதிரிச் சுற்றி உள்ளே செருகிவிட்டால் நசுங்காது. கிண்டுகிற கரண்டியில் மாட்டி மேலே கிளம்பாமல் அடியோடு கட்டியும் வையுங்கள்.

குழாயில் கீறல் வெட்டிச் செய்வது இரண்டாவது வகை. கீறல்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் மா நேரே உள்ளே இறங்கி அடைக்கும். வீட்டுத் தண்ணீருக்குப் போடுகிற சாதாரண பிவிசி குழாய் இந்தச் சூட்டில் தொய்ந்துவிடும். சுடுதண்ணீருக்கென்று விற்கிற சிபிவிசி வேண்டும். செப்புக் குழாய் இன்னும் நல்லது. ஆனால் என்னைப் போன்றவர்களின் கடையில் கழித்துப்போட்ட பிரிஜ் குழாயைக் கேட்க வேண்டாம். அதற்குள் கொம்பிரஸர் எண்ணெய் ஊறியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் நான் அதைச் சாப்பாட்டுக்குத் தரமாட்டேன்.

ஓட்டைத் தகடு வைத்திருப்பவர்களுக்கு ஓரம்தான் பிரச்சினை. சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் உடைந்த தானியம் அந்த வழியே அடியில் போய்ச் சேரும். சிலிக்கன் ஹோஸை நீளவாக்கில் கீறித் தகட்டு விளிம்பைச் சுற்றி மாட்டிவிட்டால் இடைவெளி அடைபடும்.

இனித் தானியம்

பெட்டி தண்ணீரில் பாஸ். மோல்ட் போட்டதும் அடைக்கிறது. இப்போது உடைப்பைப் பாருங்கள்.

மிளகாய்த்தூள் அரைக்கிற மில்லுக்கு மோல்ட்டைக் கொண்டுபோகாதீர்கள். மாவாக வரும், தோலும் தூளாகிவிடும். போதாததற்கு மிளகாய்க் காரம் வேறு. உருளை மில், உருளைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளி, போதும். உடைத்ததை ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள்: தோல் பிளந்து கிட்டத்தட்ட முழுதாகக் கிடக்க வேண்டும், உள்பருப்பு மூன்று நாலு துண்டாக இருக்க வேண்டும், உடையாத மணி ஒன்றிரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. தோல் தூளாகிறது என்றால் ஐந்து கிலோவுக்கு 100 மில்லிலீற்றர் தண்ணீர் தெளித்துப் பிரட்டி, பத்து நிமிடம் விட்டுப் பிறகு உடையுங்கள். ஈரத்தில் தோல் வளையும், நொறுங்காது.

தோலே இல்லாத தானியம் கூடப் போட்டால் எந்தப் பெட்டியும் அடைக்கும். கோதுமை, குரக்கன் எல்லாம் அந்த வகை. அதற்கு மருந்து உமி. ரொறொன்ரோவில் இதைப் பைக்கற்றில் போட்டு விலைக்கு விற்கிறார்கள் என்று மருமகன் படம் அனுப்பினான்; கந்தளாய், தம்பலகாமம் பக்கம் ஆலைகளுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்கும், செங்கல் சூளைக்காரர் ஏற்றிப்போவார்கள். ஆனால் எல்லா ஆலை உமியும் சரிவராது. றபர் உருளை போட்ட ஆலையில் உமி தனியாக, ஓடம் ஓடமாக வரும், அதுதான் வேண்டும். பழைய இரும்பு ஹலர் மில்லில் உமியும் தவிடும் குறுநொயும் ஒன்றாக நொறுங்கி வரும். அதைப் போட்டால் அடைப்பு இன்னும் மோசமாகும். கையில் எடுத்து ஊதுங்கள். பறக்க வேண்டும், உள்ளங்கையில் மா ஒட்டக் கூடாது. பூஞ்சண வாடை அடித்தால் வேண்டாம். மூன்று தண்ணீரில் அலசி, சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள். காய்ந்த உமி உங்கள் மாஷ் தண்ணீரைக் குடித்துவிடும். ஐந்து கிலோ மோல்ட்டுக்கு 250 கிராம். பாதி கோதுமை அல்லது குரக்கன் என்றால் அரைக் கிலோவரை போகலாம். சுவையில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இனி, தேத்தண்ணி குடிக்கப் போனவர்களுக்கு. வால்வு பூட்டியபடி இருக்கட்டும். 76 – 77 பாகைச் சுடுதண்ணீர் நாலைந்து லீற்றரை வெளி ஹோஸின் நுனியில் புனல் வைத்து உயரப் பிடித்து ஊற்றி, வால்வைத் திறந்து கீழிருந்து மேலே ஏறவிடுங்கள். அடியில் இறுகிய படுகையை அந்தத் தண்ணீர் தூக்கிக் கொடுக்கும். வாயால் ஊதுகிற வேலை வேண்டாம். திரும்பி வந்தால் முகம் வெந்துவிடும். பிறகு அடிவரை கிண்டுங்கள், உமி இருந்தால் இப்போதே சேருங்கள், பத்து நிமிடம் படியவிடுங்கள். வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, முதலில் வருகிற இரண்டு மூன்று லீற்றர் கலங்கல் சாற்றைப் பிடித்து, படுகைமேல் வைத்த ஒரு தட்டில் விழும்படி மெதுவாகத் திரும்ப மேலே ஊற்றுங்கள். தெளிவு வந்த பிறகே பாத்திரத்துக்கு விடுங்கள், அதுவும் நிமிடத்துக்கு ஒரு லீற்றர் அளவில். சூடு ஏறியதால் சாறு இளகி ஓடும். ஆனால் படுகை 78ஐத் தாண்ட வேண்டாம். தோலிலிருந்து துவர்ப்பு இறங்கும்.

சாறு ஓடுகிறது, இனிப்பில்லை

இது வேறு கதை. முதலில் நீங்கள் போட்டது மோல்ட்தானா? காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கக் கடையில் விற்கிற பார்லி தோல் தீட்டியது. முளைக்கவைத்து உலர்த்தியது இல்லை. அதில் நொதியம் கிடையாது. ஒரு நாள் முழுக்க ஊறவைத்தாலும் பசைதான் வரும். என் மோல்ட் கடல் கார்கோவில் வருகிறது; குரக்கன் முளைமா வீட்டில் செய்வது.

மோல்ட்தான் என்றால், ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு துளி சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு அயடீன் ஒரு துளி சேருங்கள். நீலக்கறுப்பானால் மாப்பொருள் இன்னும் சீனியாகவில்லை; கிண்டி, சூடு பார்த்து, இன்னும் அரை மணித்தியாலம் விடுங்கள். நிறம் மாறாவிட்டால் சீனி உள்ளே இருக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. தோல் துணுக்கு கலந்தால் அயடீன் வீணாகக் கறுக்கும், தெளிந்த சாற்றில் பாருங்கள். பார்த்ததை வீசிவிடுங்கள், திரும்பப் பெட்டிக்குள் ஊற்ற வேண்டாம்.

அளவு வேண்டுமென்றால் ஹைட்ரோமீற்றர், சாற்றின் அடர்த்தியைக் காட்டுகிற மிதவை. நல்ல மோல்ட் ஒரு கிலோ ஒரு லீற்றரில் முழுதாக இறங்கினால் 300 புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம் (1.049 என்று காட்டினால் 49 புள்ளி); வீட்டுப் பெட்டியில் முக்கால்வாசி எடுத்தால் நல்ல கைகாரர். ஐந்து கிலோ போட்டு 23 லீற்றர் வடித்தால் 1.049 வர வேண்டும். 1.040 வந்தால் 61 சதவீதம்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் ஹைட்ரோமீற்றர் 20 பாகைக்கு அளவு குறித்தது. திருமலையில் ஆறவைத்த சாறே 30இல் நிற்கும். வாசிப்போடு 0.002 – 0.003 கூட்டிக்கொள்ளுங்கள். சுடச்சுடப் போட்டுப் பார்த்தால் அது எந்தக் கணக்குக்கும் உதவாது.

உடைப்பும் அயடீனும் சரியாக இருந்தும் குறைந்தால், கழுவுதண்ணீர் – மிச்சச் சீனியை எடுக்கப் படுகைமேல் ஊற்றுகிற சுடுதண்ணீர் – குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறது. வடித்து முடிந்ததும் சக்கையை அங்கங்கே தோண்டி நக்கிப் பாருங்கள். நடுவில் சப்பென்றும் ஓரத்தில் இனிப்பாகவும் இருந்தால் தண்ணீர் நடுவாலேயே இறங்கிப் போயிருக்கிறது. ஒரே பின்னல் ஹோஸை நடுவில் போட்டு மெதுவாகக் கழுவுகிறவர்களுக்கு இது வரும். அவர்களுக்கு நான் சொல்வது: சாற்றை முழுக்க வடியுங்கள், கழுவுதண்ணீரை ஒரேயடியாக ஊற்றி நன்றாகக் கிண்டிப் படியவிட்டு, திரும்ப வடியுங்கள். கிண்டுகிற இடத்தில் குறுக்குவழிக்கு வேலையில்லை.

தண்ணீரையும் ஒருதரம் பாருங்கள். இங்கே கடலோரக் கிணறு பலதில் தண்ணீர் கடினம், சிலதில் உவர். உவர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கடினத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்த வெள்ளையை விட்டுத் தெளிவை எடுங்கள். மாஷின் பிஎச் 5.2 – 5.6க்குள் இருக்க வேண்டும். தாள் கீற்றில் பார்த்து, கூட இருந்தால் தேசிக்காய்ச் சாறு சின்னக் கரண்டியால் சேர்த்துச் சேர்த்து அளவுங்கள். குழாய்த்தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு இரவு திறந்து வைத்தாலும் சரி, கொதிக்கவைத்தாலும் சரி.

கழுவுதல்

சக்கையை அன்றைக்கே வெளியே எடுங்கள். எங்கள் வெக்கையில் பின்னேரத்துக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டு மாமி ஆடு வளர்க்கிறவர். நான் வடிக்கிற நாள் அவருடைய ஆடுகளுக்கு எப்படியோ முன்னமே தெரிந்துவிடும்.

வால்வைக் கழற்றிக் கழுவுகிறவர் குறைவு. போல் வால்வுக்குள்ளே உருண்டைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு கரண்டிச் சாறு மாட்டிக்கொள்ளும். பூட்டியபடி விட்டால் அங்கேயே பூஞ்சணம் பிடித்து, அடுத்தமுறை முதல் சாற்றோடு வெளியே வரும். பாதி திறந்த நிலையில் சுடுதண்ணீரில் ஊறவைத்து, திறந்து பூட்டித் திறந்து பூட்டி அலசுங்கள். இரண்டு துண்டாகக் கழருகிற வால்வு கிடைத்தால் கொஞ்சம் காசு கூடக் கொடுத்தாவது அதை வாங்குங்கள். பின்னல் வடியை வெயிலில் காயப்போட்டு, காய்ந்ததும் தட்டினால் மிச்ச மா உதிரும். வாடைக்காற்று மாதங்களில் பெட்டியை மூடி வைக்காதீர்கள். மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, வால்வைத் திறந்தே விடுங்கள்.

மருமகன் இப்போது பம்ப் ஒன்று பூட்டிச் சாற்றைச் சுழலவிடப் போகிறானாம். பம்ப் கையைவிடப் பலமாக இழுக்கும், ஆகவே படுகை இன்னும் வேகமாக இறுகும். பூட்டுவதானால் பம்பின் வெளிவாய்ப் பக்கத்தில் ஒரு வால்வு போட்டு ஓட்டத்தை அங்கே குறைக்கச் சொன்னேன். உள்வாய்ப் பக்கத்தில் குறைத்தால் பம்ப் காய்ந்து கத்தும்.